கதிரை போட்ட தெரு

அஸ்மீர், ஹிபா, என் பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன், அதனால் மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். கால் வருத்தம் உள்ளவர்கள் நம் பக்கத்திலும் நிறையப் பேர், என்னைப் போல வெளிநாட்டில் நின்று உழைக்கிறவர்களிலும் நிறையப் பேர். ஆனால் உங்களோடு கதைக்கிற மாதிரி எழுதினால்தான் எனக்கு எழுத்து வருகிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனுக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

ஹிபா, நீ ஒரு நாள் போனில் கேட்டாய்: "அங்க உங்களுக்கு நடக்கவா வாப்பா படிச்சுத் தாறாங்க?" கேட்டுவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் உண்மை அதுதான். நான் இருக்கும் இந்த ஊரில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மண்டபம் இருக்கிறது. விளையாட்டுக்குக் கோடு போட்ட தரை. சுவர் ஓரமெல்லாம் இருந்து களைப்பாறக் கதிரைகள். அதற்குள் வயது போன ஆண்களும் பெண்களுமாகக் கொஞ்சப் பேர், எங்கும் போய்ச் சேராமல், சுற்றிச் சுற்றி நடப்போம். யாராவது முகத்தைச் சுளித்தால் பயிற்சி தரும் பெண் பக்கத்தில் வந்து, நோவு வந்துவிட்டதா, நல்லது என்பார். நோவு வந்ததற்கு நல்லது என்று சொல்கிற ஓர் இடத்தை நான் என் வாழ்க்கையில் அங்கேதான் கண்டேன். நம் ஊரில் ஒருவன் முழங்காலைத் தடவினாலே நாலு பேர் எண்ணெய்ப் போத்தலோடு வந்துவிடுவார்கள்.

எனக்கு இந்த வருத்தம் ஒரு பிடிப்பாகத்தான் தொடங்கியது. பஸ்ஸால் இறங்கி வேலைக்குப் போகிற ஏற்றத்தில், இடது கெண்டைக்காலை யாரோ கையால் பிழிகிற மாதிரி இருக்கும். நின்றால் போய்விடும். திரும்ப நடந்தால் திரும்ப வரும். நான் மரக்கறி பொதி செய்யும் குளிர் களஞ்சியத்தில் வேலை செய்கிறவன். குளிர்தான் காரணம் என்று காலுறைக்கு மேல் காலுறை போட்டேன். பிறகு வயது என்று நினைத்தேன். கடைசியில், கடைவீதி முடிகிற இடத்துக்குப் போவதற்குள் இரண்டு மூன்று தரம் நிற்கிற நிலைமை வந்தது.

இந்த நாட்டில் தெருவில் நின்றுபோன மனிதனை யாரும் பார்ப்பதில்லை. நான் ஏதாவது ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யன்னல் திரை அசையும். கதவு திறக்காது. முதலில் இதைக் கல்நெஞ்சு என்று எடுத்தேன். பல காலத்துக்குப் பிறகுதான் இது இவர்களின் மரியாதை என்று விளங்கியது. ஒருவர் இயலாமல் நிற்பதைக் கண்டாலும் காணாத மாதிரி இருந்து, அவருடைய மானத்தைக் காப்பது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மதிலடியிலும் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி கடைக்குப் போய் வரும் போதெல்லாம் நிற்பார். பச்சை மழைக்கோட்டு. சாமான் பையை மதிலில் வைத்துவிட்டு, பூக்களைப் பார்க்கிறவர் போல எங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் முற்றத்தில் ஒரு பூவும் இல்லை, குப்பை வாளிதான் இருக்கிறது. நான் யன்னலை விட்டு உள்ளே போய்விடுவேன். இந்த ஊர் வழக்கம் எனக்கும் பழகிப்போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என் காலுக்குப் பிறஷர் பார்த்தார்கள். ஓம், கைக்குப் பார்க்கிற மாதிரியே, கணுக்காலில் பட்டியைக் கட்டி. பேனை போன்ற ஒரு சாமானைப் பாதத்தில் வைத்தவுடன் உள்ளே இரத்தம் ஓடுகிற சத்தம் பெட்டியில் கேட்டது. வலது காலில் நம் வீட்டில் இருந்தால் கேட்கிற கடல் இரைச்சல். இடது காலில், இரண்டு வளவு தள்ளி யாரோ முற்றம் கூட்டுகிற சத்தம். டொக்டர் படம் வரைந்து விளக்கினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. சாகாமத்துப் பக்கம் வாப்பாவின் வயலில் தண்ணீர் கட்டினவன் நான். பெரிய வாய்க்கால் தூர்ந்து போனால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. என் கெண்டைக்கால்தான் அந்தக் கடைசி வயல். சும்மா இருந்தால் உள்ள தண்ணீர் போதும், வேலை கொடுத்தால் போதாது. சீனி வருத்தமும் சிகரெட்டும் சேர்ந்து செய்த வேலை என்றார். குளிசைகள் தந்தார். சிகரெட்டை இன்றோடு விடு என்றார். மூன்று மாதம் இந்த மண்டபத்தில் நட, பிறகும் கால் இப்படியே இருந்தால் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கதைப்போம் என்றார்.

நடந்தால் நோகிற காலுக்கு நடையே மருந்து என்றால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. ஆனால் நடக்க நடக்கப் பக்கத்துச் சின்ன வாய்க்கால்கள் திறந்துகொள்ளும், தசையும் கிடைத்த இரத்தத்தை வைத்து வேலை செய்யப் பழகும் என்று பயிற்சி தரும் ஹெலன் சொன்னார். வயற்காரனுக்கு அது விளங்கியது.

விளங்கினதால் மட்டும் நான் போகவில்லை. அஸ்மீர், உன் கலியாணம் அப்போது பேசி முடிந்திருந்தது. சாய்ந்தமருதில் பெண். உன்னைப் பெண் வீட்டு வாசல் வரைக்கும் நான் நடந்து கொண்டு போய் விடவேண்டும் என்பது என் மனதில் இருந்தது. அது ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நம் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. ஆம்பிளைப் பிள்ளை கலியாணத்தோடு உம்மா வீட்டை விட்டுப் போகிறவன். என்னை எல்லோரும் வெளிநாட்டுக்காரன் என்கிறார்கள். நான் முதன்முதலில் புலம்பெயர்ந்தது சாய்ந்தமருதில் இருந்து கல்முனைக்குடிக்கு. ஒரு பெட்டி உடுப்போடு. அன்றைக்கு என் வாப்பா என்னை உள் றோட்டால் நடந்தே கொண்டு வந்து உங்கள் உம்மாவின் வாசலில் விட்டார். வாசல் கடப்படியில் என் தோளில் கையை வைத்து ஒரு தரம் அழுத்திவிட்டுத் திரும்பினார். அவர் திரும்பிப் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிரவு தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று கேட்க வெட்கப்பட்டு, தாகத்தோடு படுத்தேன். பிறகு எத்தனையோ நாட்டில் விமானம் இறங்கியிருக்கிறேன். அந்த முதல் இரவு அளவுக்கு எந்த ஊரும் எனக்கு அந்நியமாக இருந்ததில்லை. ஆனால் வாப்பா நடந்து வந்து விட்டார் என்ற எண்ணம் மட்டும் கையில் பிடித்திருக்க ஒரு சாமான் மாதிரி இருந்தது. நான் வந்த அதே றோட்டால் நீ மறுபக்கம் போக இருந்தாய். அந்தத் தூரத்தை நடக்க என் காலுக்கு இயலாமல் இருந்தது. இதற்காகத்தான் நான் மண்டபத்துக்குப் போனேன்.

முதல் கிழமைகளில் ஒரு வேடிக்கை நடந்தது. ஹெலன் ஒரு அட்டையை நீட்டுவார். நோவு இல்லை என்பதில் தொடங்கித் தாங்க முடியாது என்பது வரைக்கும் ஒன்றில் இருந்து ஐந்து வரை இலக்கங்கள். நடுவில் உள்ள நோவு தாண்டி, கொஞ்சம் கடுமையானவுடன் நிற்க வேண்டும், நோவு முழுதாகப் போகும் வரை கதிரையில் இருக்க வேண்டும், பிறகு எழும்பி நடக்க வேண்டும். இதுதான் பாடம். அவர் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் என் வாய் தானாகவே அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும். சுகம் கேட்டால் நமக்கு வேறு பதில் வருமா? எழும்ப முடியாமல் கிடக்கிறவனும் அதைத்தானே சொல்வான். அதற்கு அர்த்தம் கேட்டார், நல்லம் என்றேன். உடனே அட்டையில் ஒன்று என்ற இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அப்படியானால் இன்னும் வேகமாக நடக்கலாம் என்றார். நடந்தேன். பிற நாட்டுப் பெண்ணிடம் எனக்கு நோகிறது என்று சொல்லிக் கதிரையில் இருக்க எனக்கு மனம் வரவில்லை. கெண்டைக்கால் கல்லாகி, கண்ணில் தண்ணீர் வரும் வரை நடந்தேன். மற்றவர்கள் கதிரையில் இருந்து என்னைப் பார்த்தார்கள்.

காட்டிக் கொடுத்தவர் ரொன். லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், வெள்ளைக்காரர், வாயைத் திறந்தால் பகிடிதான். இந்த மனிதன் பொய் சொல்கிறான், இவன் நடக்கும்போது சுவரை எப்படிப் பிடிக்கிறான் பார் என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். ஹெலன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினார். கோபிக்கவில்லை. இந்தக் கதிரைகள் தோற்றுப்போனவர்களுக்குப் போட்டவை அல்ல, இருப்பதும் பயிற்சியில் பாதி, நீ பாதி மருந்தைத்தான் குடிக்கிறாய் என்றார். ரொன் பக்கத்துக் கதிரையில் இருந்து, உன் கடவுளுக்கு நன்றியைச் சொல், எங்களுக்கு இலக்கத்தைச் சொல் என்றார். அன்றையிலிருந்து நான் இரண்டையும் சொல்லத் தொடங்கினேன். அல்ஹம்துலில்லாஹ், நாலு.

சிகரெட்டை விட்டதுதான் நடையை விடக் கஷ்டம். வேலை இடத்தில் இடைவேளைக்குப் பின்கதவால் வெளியே போய்ப் புகைக்கிற கூட்டம்தான் எனக்கு இருந்த ஒரே கூட்டாளிமார். சிகரெட்டை விட்டால் அவர்களையும் விட வேண்டும். கொஞ்ச நாள் தனியாக உள்ளே இருந்து சுவரைப் பார்த்தேன். பிறகு உங்கள் உம்மா அனுப்பிய கராம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். ஆசை வந்தால் ஒன்றை வாயில் போடுவேன். மண்டபத்தில் ரொன்னும் ஒன்று வாங்கி மென்றார். பல் டொக்டரின் அறையை மென்ற மாதிரி இருக்கிறது என்றார், ஆனால் அடுத்த முறையும் கையை நீட்டினார்.

பாதத்தைப் பார்க்கவும் படிப்பித்தார்கள். ஒவ்வொரு நாளும் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு திரியக் கூடாது. சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்கக் கூடாது. சின்னப் புண் என்றாலும் எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் கிடக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும். சும்மா படுத்திருக்கும்போதே கால் நொந்தால் அதுவும் அவசரம். தொழுகைக்கு வுழூ செய்கிறவன் என்பதால் கழுவுவது எனக்குப் புதிது இல்லை. துடைப்பதுதான் புதிது. இத்தனை காலம் ஈரக் காலோடுதான் பள்ளிக்குள் போயிருக்கிறேன்.

மூன்று மாதம் முடியும்போது, முன்பு நின்ற இடங்களைத் தாண்டிப் போய் நின்றேன். விடாமல் நட, ஊரிலும் நட, திரும்பி வந்தவுடன் காலைப் பார்ப்போம் என்றார் டொக்டர். கலியாணத்துக்கு ஒரு மாத லீவில் வந்தேன்.

இங்கிருந்துதான் உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். பாதிதான் தெரியும். நான் வந்த அன்றே உங்கள் உம்மா என் கதிரையை மின்விசிறிக்குக் கீழே போட்டு, காலை வைக்க ஒரு முக்காலியும் போட்டு, "நீங்க எழும்ப வேணாம், எல்லாம் கையில வரும்" என்றா. பிளேன்ரீ கையில் வந்தது, சோறு கையில் வந்தது, கை கழுவக் கோப்பையும் கையில் வந்தது. இத்தனை காலம் தனியாக மரக்கறி பொதி செய்தவனுக்கு இதை வேண்டாம் என்று சொல்ல எப்படி வாய் வரும்? அந்த நாட்டில் என் மேல் அன்பு வைத்தவர்கள் நட என்றார்கள். வீட்டில் அன்பு வைத்தவர்கள் இரிங்க என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் என் கால் கிடந்தது.

சுபஹ் தொழுதுவிட்டு உள் றோட்டால் சாய்ந்தமருதுப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். கொஞ்சத் தூரத்திலேயே மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் நின்றது. மீன் விற்கிற லாபிர், எனக்குத் தம்பி போல. "ஏறுங்க காக்கா." நடக்கத்தான் வந்தேன் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று கேட்டான். எங்கேயும் இல்லை என்றேன். அது இன்னும் விளங்கவில்லை. நம் றோட்டில் தெரிந்த மனிதன் நடந்து போவதைக் கண்டுவிட்டு நிறுத்தாமல் போனால் அது பகை. ஏறச் சொல்லியும் ஏறாவிட்டால் அதுவும் பகை. அவன் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் ஏறினேன். கடற்கரையில் கொண்டு போய் இறக்கினான். அடுத்த நாள் வேறொருவர். அதற்கடுத்த நாள் திரும்பவும் லாபிர், பின்னால் மீன் பெட்டி, அதற்கு மேல் என்னை இருத்திக்கொண்டு போனான். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில்கூட ஊரில் யாரும் இப்படி நடக்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டான்.

ஏற்ற ஆள் இல்லாத நாளில் வேறு பிரச்சினை. நோவு வந்தால் நிற்க வேண்டுமே. நம் தெருவில் ஒரு வாசலுக்கு முன்னால் சும்மா நிற்க முடியுமா? முதலில் நின்றது ரஹ்மத்தும்மாவின் கடப்படியில். அவர் விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்கிறவர். என்னைக் கண்டவுடன் ஒரு பார்சலைக் கட்டிக் கையில் தந்தார். வாங்காவிட்டால் ஏன் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். வாங்கினேன். நோவு எனக்கு ஒரே தூரத்தில்தானே வரும், அதனால் ஒவ்வொரு நாளும் அவருடைய வாசலில்தான் வந்தது. வீட்டில் இடியப்பம் குவிந்தது. சீனி வருத்தக்காரன் ஒவ்வொரு விடியலும் இடியப்பத்தோடு வருவதை உங்கள் உம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தா. கடைசியில், "உங்கட டொக்டர் நடக்கச் சொன்னாரா, இடியப்பம் சுமக்கச் சொன்னாரா?" என்று கேட்டா.

ஊரிலும் கதை பரவியது. வெளிநாட்டில் இருந்து வந்தவர் விடியலில் வீடு வீடாக நின்று நின்று போகிறாராம். மனைவியோடு கோபமாம். இல்லை, நேர்ச்சையாம். பெண் வீட்டாரே ஆள் அனுப்பி, சுகமா, ஏதும் மனக்குறையா என்று விசாரித்தார்கள். நான் பயந்துவிட்டேன். கலியாணத்துக்குச் சில நாள்தான் இருந்தது. நடக்கப் போனால் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், நின்றால் கதை கட்டுகிறார்கள், வீட்டில் இருந்தால் காலை முக்காலியில் தூக்கி வைக்கிறார்கள். மண்டபத்தில் கஷ்டப்பட்டுச் சேர்த்த நடை கையை விட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. நோவு முந்திக்கொண்டு வரத் தொடங்கியது.

அஸ்மீர், அந்த நேரத்தில்தான் ஒரு விடியலில் நீ செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தாய். ரஹ்மத்தும்மாவின் வாசல், பிறகு சின்னப் பள்ளி மூலை, பிறகு பலகை விற்கிற மரக்காலைக்காரர் வீடு. நான் நிற்கிற இடமெல்லாம் நீயும் நின்றாய். மரக்காலை வாசலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாய்.

"இவ்வளவு நோவுதெண்டா ஏன் வாப்பா? கலியாணத்துக்குக் கார் பேசித்தானே இரிக்கி. நீங்க முன்னுக்கு இரிங்க, நான் பின்னுக்கு இரிக்கன். யாருக்கு இந்த நடை?"

நான் நோவு போகும் வரை காத்திருந்துதான் பதில் சொன்னேன்.

"மனே, உன்ன முதல் நாள் பள்ளிக்கூடம் கொண்டு போனது உன்ட மாமா. சுன்னத்துக்குப் பக்கத்துல இருந்தது மாமா. சோதனைக்குப் போகக்குள்ளயும் ஆரோதான் கொண்டு போய் விட்ட. எல்லா இடத்துக்கும் வேற ஆக்கள். நான் காசு அனுப்பினன், அவ்வளவுதான். இந்த ஒரு இடத்துக்காவது நான் கொண்டு போய் விடுறன்."

நீ கீழே பார்த்தாய். திரும்பி நடந்து வந்தோம். கலியாணம் வரைக்கும் நீ அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. உனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். காரில் முன் ஆசனத்தில் இருக்க என் மனதைத் தயார்படுத்திக்கொண்டேன்.

கலியாண நாள். நிகாஹ் பகலில் பள்ளியில் முடிந்தது. அஸர் தொழுதுவிட்டு உன்னைப் பெண் வீட்டுக்குக் கொண்டு போக எல்லோரும் வாசலில் கூடினார்கள். நான் வெளியே வந்தால் காரைக் காணவில்லை. உன் பெட்டியை ஏற்றிக்கொண்டு அது முன்னாலேயே போய்விட்டது என்றார்கள். நீ மாப்பிள்ளை உடுப்போடு றோட்டில் நின்று என்னைப் பார்த்து, "போவமா வாப்பா?" என்றாய். லாபிரும் வந்திருந்தான். புதுச் சாரன், மோட்டார் சைக்கிளும் கழுவித் துடைத்திருந்தது. ஆனால் அவன் அதில் ஏறவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். "ஏறுங்க எண்டு சொல்ல மாட்டன் காக்கா. சும்மா வாறன்" என்றான்.

நடந்தோம். வெயில் தாழ்ந்து கடற்காற்று வந்துகொண்டிருந்தது. முதல் பிடிப்பு வழக்கமான இடத்திலேயே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளையின் வாப்பா நடுறோட்டில் நின்றால் ஊர்வலமே நிற்கும், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். ரஹ்மத்தும்மாவின் கடப்படியில் ஒரு கதிரை போட்டிருந்தது. நீலப் பிளாஸ்டிக் கதிரை, துடைத்து வைத்தது. அவர் முக்காட்டை இழுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"இரிங்க. உங்கட மகன் வந்து சொன்னவர், வாப்பா நிக்கிறது இடியப்பத்துக்கு இல்லையாம். நான் என்னத்தக் கண்டன்? கேட்டிருந்தா முதல் நாளே கதிரை போட்டிருப்பன்."

இருந்தேன். மண்டபத்தில் அந்த முதல் கிழமைகளில் இருக்க மறுத்தவன், நம் ஊர் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, றோட்டோரத்தில் கதிரையில் இருந்தேன். நீ பக்கத்தில் நின்றாய். உன் கூட்டாளிமார் சும்மா விடுவார்களா? மாப்பிள்ளைக்கு மனம் மாறிவிட்டது போல என்றான் ஒருவன். பெண் வீட்டில் பொலிசுக்குச் சொல்லப் போகிறார்கள் என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். ரஹ்மத்தும்மா உனக்காக துஆக் கேட்டார். நோவு முழுதாக இறங்கியது. எழும்பினேன்.

சின்னப் பள்ளி மூலையில் ஒரு மரக்கதிரை. மரக்காலைக்காரர் வாசலில் ஒரு நீட்டு வாங்கு, என்னோடு இருக்க இன்னொரு ஆளுக்கும் இடம். சாய்ந்தமருது எல்லை தாண்டி, எனக்குப் பழக்கமே இல்லாத வாசல்களிலும் கதிரை. நீயும் லாபிரும் முதல் நாள் மாலையில் அவனுடைய மோட்டார் சைக்கிளில் போய் வாசல் வாசலாகச் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும். சில வீட்டில் கதிரைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் இருந்த வாசலில் எல்லாம் வீட்டுக்காரர் வெளியே வந்தார்கள், உனக்கு ஸலாம் சொன்னார்கள். காரில் போயிருந்தால் இத்தனை பேருடைய ஸலாம் உனக்குக் கிடைத்திருக்காது. ஒரு வாசலில் இருந்து அடுத்த கதிரையைப் பார்த்தபோது ஹெலனின் மண்டபம் நினைவுக்கு வந்தது. அங்கே சுற்றிச் சுற்றி வந்த கதிரைகளை யாரோ எடுத்து இந்தத் தெருவில் நீளமாகப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

பெண் வீட்டு வாசலில் உன் மச்சினன் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து உன் காலைக் கழுவினான். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நான் உன் காலைப் பார்த்தேன். பழகிவிட்டதே. நகமெல்லாம் நல்ல சிவப்பு, தோலில் நல்ல இரத்த ஓட்டம். மாஷா அல்லாஹ் என்றேன். பிள்ளையை இன்னொரு வீட்டில் விடுகிற நேரம் தகப்பன் ஏதாவது நல்ல புத்தி சொல்ல வேண்டும். "விரல் இடுக்கையும் துடை மனே" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. குனிந்து, மச்சினன் தந்த துவாயால் ஒவ்வொரு விரல் இடுக்காகத் துடைத்தாய். நான் உன் தோளில் கையை வைத்து ஒரு தரம் அழுத்திவிட்டுத் திரும்பினேன். நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். எனக்குத் தெரியும்.

ஹிபா, ஒரு நாள் உன் மாப்பிள்ளையும் இப்படித்தான் நம் வீட்டுக்கு வருவார். வந்த அன்றைக்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டு. அவராகக் கேட்க மாட்டார்.

திரும்பி இங்கே வந்த பிறகு ஆஸ்பத்திரியில் காலைத் திரும்பவும் பார்த்தார்கள். முற்றம் கூட்டுகிற சத்தம் பெரிதாக மாறவில்லை. ஆனால் நடக்கிற தூரம் கூடியிருக்கிறது, இப்போதைக்குக் கத்தி தேவையில்லை, நடையை மட்டும் விட்டுவிடாதே என்றார் டொக்டர். மண்டபத்தில் ரொன்னுக்குக் கலியாணத்துப் படம் காட்டினேன். நீ மாப்பிள்ளை உடுப்போடு நிற்கிறாய், நான் நீலக் கதிரையில் இருக்கிறேன். கலியாணம் யாருக்கு என்று கேட்டார்.

எழுதி முடிக்கும்முன் இன்னும் ஒன்று. போன சனிக்கிழமை காலையில் நடக்கப் புறப்பட்டேன். மழை விட்டிருந்தது. கதவைப் பூட்டப் போனவன் திரும்பி உள்ளே போய், குசினியில் இருந்த இரண்டு கதிரைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மதிலுக்கு வெளியே, அந்தப் பச்சை மழைக்கோட்டு மூதாட்டி பை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கால் ஆடாமல் பார்த்து வைத்தேன். மதிலில் இருந்து சொட்டிய தண்ணீரை என் துவாயால் துடைத்தேன். தெருவின் மறுமுனையில் அவர் பையோடு வருவது தெரிந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் அவர் கதிரையில் இருக்க மாட்டார். கராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மற்றப் பக்கம் திரும்பி நடந்தேன்.